எல்லைப்புறத் தமிழரின் ஓலையும் ஒலியும்

தூது என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் அன்னமும் கிளியும் மேகமும் தோன்றும். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்க்கோ அவற்றினும் நெருக்கமானது சத்திமுற்றப் புலவர் விடுத்த நாரைத் தூதே எனலாம். வறுமை துரத்த ஊர் விட்டுப் போந்து, மதுரை மாநகரில் போர்த்திக்கொள்ளத் துணியின்றிக் குளிரில் ஒடுங்கியிருந்த அப்புலவர், வடக்கே பறந்த நாரைகளைத் தம் மனைவிபால் தூது அனுப்பினார் என்பது நாம் பள்ளியில் கற்ற செய்தி. பிழைக்க வந்த இடம், குளிர், ஊரில் காத்திருக்கும் மனைவி ஆகிய இம்மூன்றும் மேற்கு மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிய தமிழ்த் தொழிலாளிக்கும் வாய்த்தன. நாரையும் பாட்டும் மட்டும் வாய்க்கவில்லை. அவன் சொல் எவ்வழியே ஊர் சென்றது, ஊரின் சொல் எவ்வழியே அவனை வந்தடைந்தது, இடையில் எத்தனை கைகளில் அது தங்கிற்று என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எல்லைப்புறம் என்று நாம் குறிப்பது இரு பகுதிகளை. வடக்கே பாலக்காட்டு மாவட்டத்தில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், கோவிந்தாபுரம் எனக் கொங்கு நாட்டோடு ஒட்டிக்கிடக்கும் சமவெளியும், அதற்கு மேலே அட்டப்பாடி மலையும் ஒன்று. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு எனத் தேயிலையும் ஏலமும் விளையும் மலைநாடு மற்றொன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்தில் அடங்கின. அதற்கு முன்னரோ இவ்விரண்டும் இருவேறு அரசுகளின் கீழ் இருந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியைச் சேர்ந்தவை. தபாலின் வரலாறும் அங்கே இரண்டாகப் பிரிகிறது.

பாலக்காட்டார்க்குப் பிரிட்டிஷ் இந்தியத் தபால் கிட்டிற்று. தூரம் எவ்வளவாயினும் ஒரே கட்டணம் என்னும் ஏற்பாடு 1854இல் வந்தது. காலணா விலையில் அஞ்சலட்டை 1879இல் வந்தது. மறு ஆண்டில் மணியார்டர் தொடங்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையை எட்டிவிட்டமையால், கடிதம் இரயிலேறிச் சென்றது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களிலிருந்து படித்த இளைஞர்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வேலை தேடிச் சென்றதில் ஆங்கிலக் கல்விக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு அந்த இரயிலுக்கும், வாரந்தோறும் தவறாது வந்த அஞ்சலட்டைக்கும் உண்டென்பது நம் கருத்து. மாதம் பிறந்தால் மணியார்டர் வரும் என்ற உறுதி இல்லாவிடில் எந்தத் தாய் மகனைக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருப்பாள்?

மலைநாட்டின் நிலை வேறு. திருவிதாங்கூர் அரசு தனக்கென 'அஞ்சல்' என்ற பெயரில் ஒரு தபால் முறையை நடத்திவந்தது. மணி கட்டிய கோலை ஏந்தி ஓடும் அஞ்சலோட்டக்காரனைப் பற்றி மலையாள நாட்டு முதியோர் இன்றும் கதை சொல்வர். ஆயினும் அவ்வஞ்சலின் தலைகள் அரசின் எல்லைக்குள் செல்லுபடியாகுமேயன்றி, மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல உதவா. தோட்டத் தொழிலாளியின் வீடோ எல்லைக்கு அப்பால் இருந்தது. அவன் வேலை செய்த மண்ணின் அஞ்சல் அவனுக்குப் பயன்படவில்லை. மலையில் இருந்த பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையத்தையே அவன் நாட வேண்டியிருந்தது. இவ்விரட்டை முறை 1951இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்ததும் முடிவுற்றது. இடையே ஒரு வியப்பையும் சொல்லிவிடுதல் தகும். அஞ்சல் என்ற சொல்லை அரசாங்கப் பெயராகவே வைத்திருந்த நாட்டில் இன்று எல்லோரும் தபால் என்கின்றனர். தபால் என்று வழங்கிவந்த தமிழ்நாடு அஞ்சல் நிலையம் என்று பலகை எழுதி வைத்திருக்கிறது. சொற்களும் எல்லை தாண்டிக் குடிபெயர்கின்றன போலும்.

மூணாற்றுத் தோட்டங்களில் தொடக்க காலத்தில் செய்தியின் முதல் ஊர்தி கங்காணியே. ஆள் சேர்க்க ஊருக்குச் செல்லும் அவன் கையில் காசும், வாயில் செய்தியும் கொடுத்தனுப்புவர். 'பிள்ளை பிறந்திருக்கிறது, பெயர் வைக்கச் சொன்னார்கள்' என்ற செய்தி பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு வந்து சேரும். கங்காணி தனக்கு உகந்ததைச் சொல்வான், உகவாததை விழுங்குவான். ஊரில் மழை பெய்து பயிர் விளைந்திருக்கிறது என்ற செய்தியை, ஆட்கள் திரும்பிப் போய்விடுவர் என்றஞ்சிச் சொல்லாது விடுவதற்கு அவனுக்குக் காரணம் இருந்தது.

அக்காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் சென்றன. தேயிலை கம்பியில் இறங்கிற்று. அதைப் பறித்தவர் அதே மலையைக் கால்நடையாக ஏறி இறங்கினர். 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த இருப்புப்பாதையையே அடித்துச் சென்றது. மலை தனித்து நின்ற அந்நாட்களில் மேலே இருப்போர் பிழைத்தனரா என்பதை அறியக் கீழே இருந்தோர்க்கு வழியில்லை.

பின்னர்த் தோட்டத்துத் தபால் பை வழக்கமாயிற்று. தோட்டத்துத் தபால் ஆள் பூட்டிய பையைச் சுமந்து நாள்தோறும் தபால் நிலையம் சென்று வருவான். பை அலுவலகத்தில் திறக்கப்படும். துரைக்கு உரியவை முதலில், கணக்கப்பிள்ளைமார்க்கு உரியவை அடுத்து, தொழிலாளர்க்கு உரியவை மறுநாள் மஸ்டரில் பெயர் சொல்லிக் கொடுக்கப்படும். யாருக்குக் கடிதம் வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை மலை முழுதும் அறியும்.

கடிதம் கைக்கு வந்தபின்னும் அது உரியவனுடையது ஆகிவிடவில்லை. படிக்கத் தெரிந்தவர் வேண்டுமே! லயத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் இருந்தால் அவனே பத்துக் குடும்பத்துக்கும் வாசகன். நாம் அறிய, அச்சிறுவர்களின் பொறுப்பு பெரியது. மாமியார் மருமகளைப் பற்றி எழுதியதை மருமகளுக்கே படித்துக்காட்ட நேரும். கூர்மையான பிள்ளைகள் சில வரிகளைத் தாண்டிச் செல்லக் கற்றிருந்தனர். எழுதும்போதும் அவ்வாறே. சொல்லச் சொல்ல எழுதுபவன், சொல்பவளின் அழுகையை எழுத்தில் கொணர அறியாது, 'இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்' என்ற வழக்கமான வரியில் ஏறிக்கொள்வான். கணவனும் மனைவியும் தம்முள் பேச வேண்டியதை மூன்றாமவர் செவி படாது பேச இயலாத நிலை ஏறத்தாழ மூன்று தலைமுறை நீடித்தது. நம் முன்னோர் கடிதங்கள் வறண்டிருக்கின்றன, அன்பின் சொல் ஒன்றும் இல்லை என்று இளைஞர்கள் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஊரார் கேட்க உரக்கப் படிக்கப்படும் கடிதத்தில் எவர்தாம் அன்பை எழுதுவர்?

மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுதச் சிறிது இடம் இருக்கும். பல குடும்பங்களுக்கு அந்தத் துண்டே மாதக் கடிதம். 'பணம் அனுப்பினேன், பெற்றுக்கொள்ளவும், அம்மாவுக்கு மருந்து வாங்கவும்' என்ற அளவில் அது முடிந்துவிடும்.

நாம் வளர்ந்த 1970களில் இவற்றிற் பல மாறியிருந்தன. 1950இல் அறிமுகமான இன்லண்டு லெட்டர் நீல நிறத்தில் வீடுதோறும் வந்தது. மடித்து ஒட்டிய அந்தத் தாளுக்குள் முதன்முதலாக ஏழையின் சொல்லுக்கும் ஒரு மறைவு கிட்டிற்று. மேலே பிள்ளையார் சுழி. மங்கலச் செய்தியாயின் மூலைகளில் மஞ்சள். இறப்புச் செய்தியாயின் மூலையில் கறுப்பு. கறுப்பு மூலைக் கடிதத்தை வாசலிலேயே படித்துக் கிழித்துவிட்டு நீராடி உள்ளே வருவர். ஏனையவை விட்டத்தில் தொங்கும் கொக்கிக் கம்பியில் குத்தப்படும். வீட்டின் வரலாற்று ஏடு அந்தக் கம்பியே.

1972 ஜனவரி 26இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் ஒன்றே, 6. மாநில எல்லைக்காகப் பலரும் வாதிட்ட காலத்தில் தபால் துறை இரு மாநிலத்தையும் ஒரே மண்டலத்தில் வைத்தது நமக்குச் சிறு மகிழ்ச்சியைத் தந்தது. மேலும், 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் இடம் தந்தது. சட்டம் தந்த இடத்தை எத்தனை பேர் பயன்படுத்தினர் என்பது வேறு. தமிழில் எழுதினால் மேசையில் கிடந்துவிடுமோ என்றஞ்சி மலையாளம் அறிந்தவரைத் தேடிச் சென்றோரே நாம் கண்டவரை மிகுதி.

தந்தியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடிதத்திலேனும் தமிழ் இருந்தது. தந்தியில் அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அல்லது தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. ஆதலின் 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்ற நான்கு சொற்கள் தமிழ்நாடெங்கும் ஒரு மந்திரம் போல் வழங்கின. சீரியஸ் என்றால் இறந்துவிட்டார் என்று பொருள் கொள்ள மக்கள் பழகிவிட்டனர். திருமண வாழ்த்துக்கு எண் குறித்தால் போதும் என்ற ஏற்பாடும் இருந்தது. எனினும் தந்திச் சேவகனைத் தெருமுனையில் கண்டதும் பெண்கள் மார்பில் கை வைத்ததையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நம் உறவினர் ஒருவர்க்கு அவ்வாறு வந்த தந்தி, படிப்பார் இல்லாமையால் ஓரிரவு முழுதும் விளக்கு மாடத்தில் கிடந்தது. மறுநாள் ஒருவர் படித்துச் சொல்ல, மலையிறங்கி ஊர் சேர்ந்தபோது இடுகாட்டுச் சடங்கு முடிந்திருந்தது. கம்பி வழியே ஒரு மணியில் மலையேறிய செய்தி, மொழியறியாமையால் பன்னிரண்டு மணி நேரம் வாசலில் நின்றது. 2013 ஜூலையில் தந்திச் சேவை இந்நாட்டில் முடிவுற்றபோது பெரியோர் சிலர் வருந்தினர். அவ்விரவை அறிந்த நமக்கு வருத்தம் அவ்வளவாகத் தோன்றவில்லை.

தொலைபேசி மலைக்குப் புதிதன்று. தோட்ட நிர்வாகங்கள் பழங்காலத்திலேயே தமக்குள் கம்பி இழுத்துக்கொண்டன. மூணாறு நல்லதண்ணி அருங்காட்சியகத்தில் பழைய தொலைபேசி இணைப்புக் கருவியைக் காணலாம். அது பங்களாவிலிருந்து தொழிற்சாலைக்கும் தொழிற்சாலையிலிருந்து அலுவலகத்துக்கும் பேசிய கருவி. லயத்துக்கு அதில் இடமில்லை. பாலக்காட்டுச் சமவெளியிலோ கடைத்தெருச் செட்டியார் வீட்டில் ஒன்று இருக்கும். கோயம்புத்தூர் கண்ணுக்கெட்டிய தூரம்; ஆயினும் டிரங்கு கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் கடந்ததும் நடுவில் குரல் எழும். சொல்ல வந்தது நின்றுவிடும்.

1980களின் இறுதியில் மஞ்சள் பலகை தாங்கிய எஸ்.டி.டி. கூண்டுகள் முளைத்தன. இரவு முதிர முதிரக் கட்டணம் குறையும் என்பதால் பதினொரு மணிக்கு மேல் கூண்டின் வாயிலில் கம்பளி போர்த்திய வரிசை நிற்கும். உள்ளே சிவப்பு எண்கள் ஓடும். பேசுபவர் கண் எண்ணிலும் வாய் பேச்சிலும் இருக்கும். வரிசையில் நிற்போர் அனைவரும் கேட்கும்படி உரக்கக் கத்திப் பேசுவர். தொலைதூரம் என்பதால் உரக்கப் பேச வேண்டும் என்ற எண்ணம் நம் மக்களை விட்டு இன்றும் நீங்கவில்லை. ஆயினும் அங்கே ஒன்று நிகழ்ந்தது: எழுத்தறியாத பெண் இடையாள் இன்றித் தன் சொல்லைத் தானே சொன்னாள். அதற்குச் சிறிது முன்னரே வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பிள்ளைகள் டேப் ரிகார்டர் கொணர, ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கமும் இருந்தது. பாட்டி பேசும்போது கூரையில் விழும் மழையும் உடன் பதிந்துவிடும். மகன் மழையையே திரும்பத் திரும்பக் கேட்டான் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கைப்பேசி 1995 ஜூலை 31இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் அழைப்போடு தொடங்கியது. கேரளத்துக்கு 1996இல் வந்தது. வந்த அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டிய அக்கருவி, 2003இல் உள்வரும் அழைப்பு இலவசமான பின்னரே எளியோர் கைக்கு வந்தது. எல்லைப்புறத்தார்க்கு அப்போது ஒரு புதிய தொல்லை தோன்றியது. கேரளமும் தமிழ்நாடும் இருவேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். வேலந்தாவளத்தில் தெருவின் இப்புறம் நின்றால் ஒரு வட்டம், அப்புறம் நின்றால் மற்றொரு வட்டம். போடிமெட்டில் தேநீர்க் கடை வாங்குப்பலகையில் நகர்ந்து அமர்ந்தால் 'ரோமிங்' விழுந்து காசு கரையும். பாறைக்கும் ஓடைக்கும் தெரியாத எல்லையைக் கோபுரங்கள் அறிந்திருந்தன. ஆதலின் எல்லைப்புறத்துச் சட்டைப்பைகளில் இரண்டு சிம் இருந்தன. ஒன்று மாமனார் வீட்டுக்கு, மற்றொன்று வேலை செய்யும் இடத்துக்கு. 1951க்கு முன் அஞ்சல் தலையும் இந்தியத் தலையும் எல்லையில் பிரிந்து நின்றதை நினைவுகூர்வார்க்கு இது வியப்பாகாது. 2015இல் பி.எஸ்.என்.எல். வெளிவட்டத்தில் உள்வரும் அழைப்பை இலவசமாக்கியது. ஓரிரு ஆண்டுகளில் ஏனைய நிறுவனங்களும் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டன. எல்லையில் இவ்வளவு அமைதியாக நீக்கப்பட்ட தடை வேறொன்று நாம் அறியோம்.

விரைவு எப்போதும் நன்மை செய்யவில்லை. 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு அணையை முன்னிட்டுப் பதற்றம் மூண்டபோது, உண்மையும் வதந்தியும் ஒரே வேகத்தில் கைப்பேசியில் ஓடின. குமுளி வழி அடைபட்டது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் முன்னோர் ஏறிவந்த மலைப்பாதைகளிலேயே நடந்து தேனிப் பக்கம் இறங்கினர். கங்காணி செய்தியை விழுங்கிய காலம் போய், எதையும் விழுங்காத கருவி வந்தமையின் விளைவை அந்நாட்களில் கண்டோம்.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். அவருள் மிகப் பலர் தமிழர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பல. பெருமழையால் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றிருந்தன. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். அதுவும் தப்பியவர் நடந்து சென்று சொன்னதால். வீட்டுக்கு வீடு கைப்பேசி இருந்தது. எவர்க்கும் அது அன்றிரவு உதவவில்லை. கயத்தாற்றுப் பக்கத்து உறவினர்க்கோ, நோய்த்தொற்றுக் காலத்து எல்லைக் கட்டுப்பாட்டைக் கடக்க அனுமதிச் சீட்டும் வேண்டியிருந்தது. நூறாண்டு முன்னேற்றத்தைக் கணக்கிடும்போது அந்த ஓரிரவைக் கழிக்காமல் விடுவது நேர்மையாகாது. அக்காலத்திலேயே, இணையவழி வகுப்புக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிச் சாலையோரம் அமர்ந்து படித்ததையும் எல்லோரும் அறிவர்.

இன்று வாட்ஸ்ஆப் இல்லாத வீடு எல்லைப்புறத்தில் அரிது. பாலக்காட்டுத் தமிழர் சிலர் தமிழ்ப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதுவதுண்டு. அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே பேச்சை ஆங்கில எழுத்தில் தட்டுகின்றனர். தந்தி நிலையத்தில் வேறு வழியின்றிச் செய்ததை இவர்கள் விரும்பியே செய்கின்றனர். மூணாற்றிலோ ஆங்கில வழியில் பயின்ற பிள்ளைகள் தமிழ் பேசுவர், தமிழ்ப் பாட்டைக் கேட்பர், தமிழ் எழுத்தைக் கண்டால் விழிப்பர். விட்டத்துக் கம்பிகள், ஓட்டு வீடு மாற்றிக் கட்டியபோதெல்லாம் கழற்றி எறியப்பட்டன. எஞ்சியவை பழைய இரும்புப் பெட்டிகளில் உள்ளன.

நமக்குத் தெரிந்த குடும்பத்தில் அத்தகைய பெட்டி ஒன்று அண்மையில் திறக்கப்பட்டது. கோவையில் வேலை செய்யும் பேரன் ஒருவன், தாத்தா தோட்டத்திலிருந்து எழுதிய இன்லண்டு லெட்டர்களைப் படம் எடுத்து, மறையூரில் இருக்கும் பாட்டியின் தங்கைக்கு அனுப்புகிறான். முதியோர் கல்வி வகுப்பில் ஐம்பது வயதுக்கு மேல் தமிழ் எழுத்துக் கற்றவர் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துக் குரற்பதிவாக அவனுக்குத் திருப்பி அனுப்புகிறார். இதுவரை பதினேழு கடிதங்கள் முடிந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மட்டும் நடுவில் சிறிது நேரம் ஒலியில்லை. பின், 'இந்த ரெண்டு வரி உனக்கு வேணாம் கண்ணு, அது அக்காவுக்கு எழுதினது' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறார்.